வாடகைத் தாள்கள்

அப்பா டிராமில் நடத்துநர்,
மகள் இசைக்குழுவுக்கு நடத்துநர்.
அவர் வண்டியில் ஏறியவர்கள்
சேருமிடம்வரை சீட்டு வாங்கினார்கள்.
இவள் வண்டியிலோ
இடைவேளையிலேயே இறங்கிப் போனார்கள்.

கோட்டுகள் தொங்கும் அறையில்
எண்ணிவிட்டு வந்து சொல்வேன்:
வந்தவை அறுநூற்றுப் பன்னிரண்டு,
மிச்சம் இருநூற்று நாற்பது.
"போன தடவை இருநூற்றுப் பத்துதானே?" என்பாள்
போஹுமிலா ஸ்காலோவா,
லாட்டரி விழுந்தவள்போல.

நான் வாசிப்பவன் அல்ல,
தாள் அடுக்குபவன்.
ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு அவரவர் பங்கை வைத்து,
முடிந்ததும் பொறுக்கி,
பென்சில் குறிகளை ரப்பரால் அழித்து
பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்புகிறவன்.
உயிரோடிருப்பவர்களின் இசை
வாடகைக்குத்தான் வரும்.
செத்தவர்களுடையது
எங்கள் அலமாரியில் சொந்தமாகக் கிடக்கிறது.

நிர்வாகக் குழுவுக்கு அலமாரி தோது.
அதையும் நடத்தினாள்,
வாங்கிய சம்பளத்துக்குக் குறை வைக்கவில்லை.
ஆனால் சீசனுக்கு ஏழு புதியவை,
மை காயாதவை.
சிலது குப்பை, அவளுக்கும் தெரியும்.
"கேட்காமல் எப்படிச் சொல்ல?" என்பாள்
ஆரஞ்சு உரித்துக்கொண்டே.

உருக்காலையின் உலை அணைந்த அடுத்த குளிர்காலம்.
மருந்துக்கடையில் இரவு வேலை பார்த்த
ராதோவன் பெஷெக் எழுதியது,
ஐம்பத்துநான்கு பேருக்கு.
நடுவில் பதினோரு அளவை
ஒருவரும் எதுவும் வாசிக்கக் கூடாது.
அவள் நிறுத்தவில்லை.
ஒன்றுமில்லாததற்குக் கோல் அசைத்தாள்,
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
யாரோ இருமினார்கள், யாரோ சிரித்தார்கள்.
"காசைத் திருப்பிக் கொடு!" மாடியிலிருந்து.
வெளியே எட்டாம் நம்பர் டிராம்
வளைவில் கிறீச்சிட்டுத் திரும்பியது.
ஏழாவது அளவையில் அது.
கையின் ஒரு சுண்டலில்
அதையும் உள்ளே வரவழைத்துக்கொண்டாள்.

ஓபோக்காரி ஒரு மாதம் பேசவில்லை.
பெஷெக் பக்கவாட்டுக் கதவருகே
ஈரத் தொப்பியைப் பிழிந்துகொண்டு நின்றார்.

"முதல் முறை வாசிக்க எவனும் வருவான்,
பேப்பரில் பேர் வரும்.
இரண்டாம் முறைக்குத்தான் ஆள் கிடையாது."
இது மேடையில் சொன்னதல்ல,
தபால்தலை ஒட்டும்போது.
லீட்ஸ், போர்ட்டோ, ஔலு, எங்கெங்கோ எழுதுவோம்.
என் நாக்கில் பசை ருசி மாறாத வருஷங்கள்.
பதிலெல்லாம் ஒரே அச்சு:
வரும் பருவங்களில் பரிசீலிக்கிறோம்.

தோள் மூட்டு தேய்ந்து அவள் போனபின்
வந்தவர் நல்லவர், பளிச்சென்ற ஷூ.
இப்போதெல்லாம்
கோட்டு எண்ண வேண்டியதே இல்லை.

போன மார்ச்சில் ஒரு பெட்டி வந்தது.
பழைய முகவரிச் சீட்டைக் கிழிக்க மறந்து
பதிப்பகத்துக்குப் போக வேண்டியதை
எங்கள் வாசலில் போட்டிருந்தார்கள்.
திறந்தால் பெஷெக்.
ஐம்பத்துநான்கு பங்கும்,
ஒன்றிலும் அழிக்காத பென்சில்.
என் ஊர் எழுத்தல்ல,
ஒரு சொல்லில் எத்தனை உயிரெழுத்து!
பதினோரு அளவைக்கு மேலே
ஆளாளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தார்கள்.
நடத்துபவரைப் பார் என்று அர்த்தம்,
உலகத்து வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும்.
இரண்டாம் வயலினில் ஒருவர்
மீன் ஒன்றும் வரைந்திருந்தார், காரணமில்லாமல்.

எட்டாம் நம்பரில் பெட்டியோடு போனேன்.
நல்ல கையால் புரட்டினாள், ஒரு மணி நேரம்.
"வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள், கழுதைகள்."
மேசைவிரிப்பின்மேல்
விரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.
விதிப்படி நான் அழித்துத்தான் அனுப்ப வேண்டும்.
ரப்பர் பையில்தான் இருந்தது,
எடுக்கவில்லை.

கதவுவரை வந்தவள்
தயங்கிக் கேட்டாள்:
"அங்கே எத்தனை கோட்டு மிச்சமாம்?"